பச்சைப் பலகை எந்தப் பக்கம் வளையும்?

எட்டடி நீளம், எட்டங்குல அகலம், ஓரங்குலத் தடிப்பு. மாத்தளையில் உள்ள ஏதாவதொரு மரக்காலையில், நேற்று அறுத்து இறக்கிய அல்பீசியாப் பலகை ஒன்றைத் தூக்கித் தோளில் வைத்தால் ஏழெட்டுக் கிலோ கனக்கும். அதில் மரம் என்று சொல்லக்கூடியது நாலு கிலோவுக்கும் குறைவு. அல்பீசியா அவ்வளவு இலேசான மரம். முற்றாகக் காய்ந்தால் ஒரு கனமீற்றர் 300 கிலோகிராம் அளவில்தான் நிற்கும். மிச்சக் கனமெல்லாம் தண்ணீர். காசு கொடுத்து வாங்கி வருவது பாதி மரம், பாதி போன மாதத்து மழை.

தச்சர்கள் இந்தப் பலகையை வேண்டாவெறுப்பாகத்தான் தொடுவார்கள். வளையும், முறுகும், வெடிக்கும், பூஞ்சணம் பிடிக்கும், உளுத்து மாவாகக் கொட்டும் என்று குற்றப்பத்திரிகை நீளும். எல்லாமே உண்மைதான். ஆனால் அந்த வளைவு கண்டபடி வருவதில்லை. அது எந்தப் பக்கம் போகும், ஏறக்குறைய எவ்வளவு போகும் என்பதைப் பலகையின் வெட்டுமுகத்தை ஒரு தடவை உற்றுப் பார்த்தே சொல்லிவிடலாம். அதைச் சொல்லத் தெரிந்தவருக்குக் கோழிக்கூடு, பூச்செடிப் பெட்டி, செருப்புத் தட்டு, முற்றத்து வாங்கு இவற்றுக்கெல்லாம் இதைவிட மலிவான சரக்கு கிடைக்காது.

நல்ல மரம் ஏன் எட்டாக்கனி ஆனது என்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. இலங்கையின் இயற்கைக் காடுகளில் வணிகத்துக்காக மரம் வெட்டுவது 1990இல் தடைசெய்யப்பட்டது. வீட்டுக் கொல்லையில் நிற்கும் பலாவைக்கூட 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. தடை வந்த பிறகு நாட்டின் மரத்தேவையைப் பெரும்பாலும் வீட்டுத் தோட்டங்களும் பயிர்த் தோட்டங்களுமே சுமக்கின்றன. மாத்தளையில் இரண்டுக்கும் குறைவில்லை. தேயிலைக்கு நிழலாக நட்ட அல்பீசியா, மலையகத்தார் சவுக்கு என்று சொல்லும் சில்வர் ஓக், பால் வற்றியபின் சாய்க்கப்படும் ரப்பர், காய்ப்பு நின்ற மா. இவைதான் மரக்காலையின் பின்வரிசையில் சுவரோடு சாய்ந்து நிற்பவை. முன்வரிசையில் தேக்கும் மகோகனியும் இருக்கும். காய்ந்ததா என்று கேட்டால் இரண்டு வரிசைக்கும் ஒரே பதில்தான் வரும்: “நல்லாக் காஞ்சது அண்ணே.”

மரத்தில் தண்ணீர் இரண்டு இடங்களில் இருக்கிறது. மரம் என்பது நீளவாக்கில் நெருக்கி அடுக்கிய கோடிக்கணக்கான நுண்குழாய்களின் கட்டு. அந்தக் குழாய்களின் உள்வெளியில் நிற்கும் நீர் ஒன்று. குழாய்ச் சுவருக்குள்ளேயே, செலுலோஸ் இழைகளுக்கு இடையே புகுந்து அவற்றை விலக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் நீர் மற்றொன்று. பலகை காயத் தொடங்கினால் முதலில் போவது குழாய்க்குள் நிற்கும் நீர். அது முழுவதும் போனாலும் பலகை இலேசாகுமே ஒழிய, அகலத்தில் மயிரிழையளவும் குறையாது. பலர் ஏமாறுவது இந்தக் கட்டத்தில்தான். வாங்கிவந்த பலகை பத்து நாள் சாதுவாகக் கிடக்கிறது, கையில் தூக்கினால் இலேசாகவும் தெரிகிறது. காய்ந்துவிட்டது என்று நம்பி வேலையைத் தொடங்கிவிடுவார்கள்.

கணக்குக்காக ஒன்று: மரத்தின் ஈரத்தை அதன் உலர்ந்த எடைக்கு இத்தனை வீதம் என்றுதான் சொல்வார்கள். அதனால் நூறு வீதம், நூற்றைம்பது வீதம் என்று கேட்டால் மிரள வேண்டாம்; மரத்தின் எடையைவிட நீரின் எடை அதிகம், அவ்வளவுதான். இந்த அளவு இறங்கி ஏறத்தாழ 30 வீதத்தைத் தொடும்போது குழாய்கள் வெறுமையாகிவிடும். சுவர்கள் மட்டும் நனைந்திருக்கும். அதற்குக் கீழே போகிற ஒவ்வொரு துளியும் சுவரிலிருந்து போகிறது. இழைகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன. சுருக்கம் தொடங்குகிறது. மரம் பலமாவதும் இங்கிருந்துதான்.

எல்லாத் திசையிலும் ஒரே அளவு சுருங்கியிருந்தால் தச்சுத் தொழிலில் பாதிக் கவலை இருந்திருக்காது. பலகை சற்றே சிறிய பலகையாக மாறியிருக்கும். மரம் அப்படிச் செய்வதில்லை. நீளவாக்கில் அது அநேகமாகச் சுருங்குவதே இல்லை. நம் எட்டடிப் பலகையில் குறைவது ஓரிரு மில்லிமீற்றர். நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஓரளவு சுருங்கும். வளையத்தின் போக்கில், அதாவது அடிமரத்தைச் சுற்றிவரும் திசையில், அதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு சுருங்கும். தேக்கைப் பச்சையிலிருந்து அடுப்பில் வைத்து ஈரமே இல்லாமல் காய்ச்சினால் நடுவிலிருந்து பட்டைவாக்கில் 2.5 வீதமும் சுற்றுவாக்கில் 5.8 வீதமும் குறையும். மகோகனிக்கு அது 3.0, 4.1. இரண்டு எண்ணுக்கும் இடையே இடைவெளி குறைவு என்பதுதான் மகோகனி மேசைகள் தட்டையாகவே இருப்பதன் ரகசியம். ரப்பர் மரத்துக்கு 2.3, 5.1. தேக்கைவிடச் சற்றுக் குறைவாகவே சுருங்குகிறது! விறகுக்கட்டை என்று ஒதுக்கப்பட்ட மரத்தின் குற்றம் சுருக்கத்தில் இல்லை, வேறிடத்தில் இருக்கிறது. அதற்குப் பின்னால் வருவோம்.

ஏன் இந்த ஓரவஞ்சனை? மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிக் கதிர்கள்போல் ஓடும் செல் வரிசைகள் உண்டு. பலாவையும் சில்வர் ஓக்கையும் இழைத்தால் மினுமினுக்கும் கீற்றுகளாகத் தெரிபவை அவைதான். அவற்றின் நீளத்திசை நடுவிலிருந்து பட்டைப்பக்கம் போகிறது. நீளத்தில் மரம் சுருங்குவதில்லை என்பதால், அந்தத் திசையில் அவை மரத்தைச் சுருங்கவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. வேறு காரணங்களும் சேர்ந்திருக்கின்றன என்றாலும், கதிர்கள் போடும் இந்தக் கடிவாளம் முக்கியமானது.

இந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டு ஓர் உருளைக் கட்டையை நினைத்துப் பாருங்கள். விட்டம் ஓரடி, சுற்றளவு சுமார் 96 சென்டிமீற்றர். சுற்றுவாக்கில் அது 3 வீதம் குறைய விரும்புகிறது. நடுவாக்கிலோ ஒன்றரை வீதம்தான் குறைகிறது. சுற்றளவு ஆசைப்படும் அளவுக்கு விட்டம் குறைய மறுக்கிறது. கேத்திரகணிதத்தோடு யார் வாதாட முடியும்? எங்காவது ஒரு கோட்டில் மரம் பிளந்துதான் ஆகவேண்டும். கணக்குப்படி அந்த விரிசலின் வாய் ஒன்றரைச் சென்டிமீற்றருக்குக் கிட்டே வரும். முழுக்கட்டையாகக் காயவைத்த மரம் ஒரு பக்கத்தில் மட்டும் ஆப்பு வடிவில் பிளந்து கிடப்பதன் காரணம் இது. மரம் கெட்டுப்போனதாக நினைக்க இதில் ஒன்றும் இல்லை.

இந்தக் கணக்கை எழுதாமலே தீர்த்தவர்கள் மேளம் கடைந்தவர்கள். கண்டி நடனத்துக்கு அடிக்கும் கெட்ட பெரயவின் உடல் கொன்றையிலும் வேம்பிலும் ஆனது. முத்துமாரியம்மன் திருவிழாவில் முழங்கும் தவிலின் உடல் பலாவில் ஆனது. இரண்டும் ஒரே கட்டையைக் குடைந்து எடுத்தவை. நடுப்பகுதியை எடுத்துவிட்டால் தடுத்து நிற்கும் விட்டமே இல்லை. மிஞ்சிய வளையம் தன் பாட்டுக்குச் சுருங்கிச் சற்றே சிறிய வளையமாகிறது. பிளக்க வேண்டிய கட்டாயம் தீர்ந்துவிடுகிறது. மரத்தின் நட்டநடுவில் இருக்கும் நெட்டியும் அதைச் சுற்றிய இளமரமும்தான் மிக மோசமாக முறுகும் பகுதி. அதுவும் சீவலோடு போய்விடுகிறது. பச்சையாக இருக்கும்போது குடைவது உளிக்கும் கைக்கும் சுகம் என்பது உபரி இலாபம். வீட்டில் பச்சைக் கட்டையில் பூச்சாடியோ பேனாக் குவளையோ கடைய ஆசைப்படுகிறவர் இந்த வழியில் போகலாம்: நெட்டியை உள்ளே விடாதீர்கள், சுவரை எங்கும் ஒரே தடிப்பாக விடுங்கள்.

பலகைக்கு வருவோம். அதன் வெட்டுமுகத்தில் வளையக் கோடுகள் வில்போலத் தெரியும். நம் ஊர் மரங்களில் பலவற்றுக்கு வளையம் மங்கலாகவே இருக்கும். அடிமரத்தின் நடு எந்தப் பக்கம் இருந்தது என்று ஊகித்தால் போதும். பட்டைப்பக்க முகத்தில் வளையம் ஏறக்குறைய அகலவாக்கில் ஓடுகிறது, ஆகவே அந்த முகம் கூடுதலாகச் சுருங்கும். நடுப்பக்க முகம் குறைவாகச் சுருங்கும். விளைவு, காய்ந்த பலகை பட்டைப்பக்கமாகக் குழியும், நடுப்பக்கமாகப் புடைக்கும். வில்லாக இருந்த வளையங்கள் நிமிர்வதாக நினைத்துக்கொண்டால் மறக்காது. ஆகவே முற்றத்து வாங்குக்குப் பலகை அடிக்கும்போது நடுப்பக்கம் மேலே இருக்கட்டும். புடைத்த முதுகில் மழைநீர் தங்காது. வளையக் கோடுகள் பலகையின் தடிப்புவாக்கில் நெட்டுக்குத்தாக நிற்கும் துண்டு கிடைத்தால் தனியாக எடுத்து வையுங்கள். அது குழியாது, அகலத்திலும் பாதியளவே குறையும். மலிவுச் சரக்குக் குவியலிலும் பத்துக்கு ஒன்றிரண்டு அப்படி அகப்படும்.

இன்னொரு வளைவு உண்டு, அதற்கு மரம் பொறுப்பில்லை. பலகையை முற்றத்துத் தரையில் போட்டு வெயிலில் காயவிட்டால் மேல்முகம் முதலில் காய்ந்து சுருங்கும், அடிமுகம் ஈரமாகவே இருக்கும். பலகை மொட்டைமாடி அப்பளம்போல ஓரம் தூக்கிக்கொள்ளும். நிழலில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில், காற்று ஊடே போகும்படி அடுக்க வேண்டும். ஒவ்வொரு பலகைக்கும் இடையில் ஒரே தடிப்புள்ள சலாகைத் துண்டுகள், ஒன்றரை, இரண்டடிக்கு ஒன்று, மேலும் கீழும் நேர்க்கோட்டில். உச்சியில் நாலு கல். வெட்டுமுகம் பலகையின் மற்ற முகங்களைவிடப் பத்துப் பதினைந்து மடங்கு வேகமாக நீரை விடும். குழாய்களின் வாய் திறந்திருப்பது அங்கேதான். அதனால் இரண்டு தலைப்பிலும் மெழுகோ மிச்சப் பெயின்ரோ தடித்துப் பூசிவிட்டால் தலைப்பு வெடிப்பு பெருமளவு குறையும். தலைப்பில் மட்டும்தான். முழுப் பலகைக்கும் பூசினால் நீர் உள்ளேயே சிறைப்பட்டு, பெயின்ற் கொப்பளிக்கும்.

எவ்வளவு காய வேண்டும் என்பது ஊரைப் பொறுத்தது. காற்றின் ஈரப்பதன் 80 வீதமாக இருக்கும் இடத்தில் மரம் 16 வீத ஈரத்தில் நிற்கும். 65 வீதமானால் 12. அதற்குக் கீழே காயவைத்தாலும் காற்றிலிருந்து திரும்பக் குடித்துவிடும். மாத்தளை ஒரே மாவட்டம் என்றாலும் காலநிலை ஒன்றல்ல. நக்கிள்ஸ் மலையடிவாரத்து ரத்தோட்டையில் மேகம் வீட்டுக்குள் வந்து போகும். வடக்கே தம்புள்ளையும் சிகிரியாவும் உலர்வலயம். ஆடி, ஆவணியில் மலையைத் தாண்டி இறங்கும் காற்று உதட்டை வெடிக்க வைக்கும். ரத்தோட்டையில் செய்து முடித்த கதவைத் தம்புள்ளையில் மாட்டினால் நம் எட்டங்குலப் பலகை ஒவ்வொன்றும் இன்னும் ஒன்றரை மில்லிமீற்றர் சுருங்கும். ஐந்து பலகைக் கதவானால் முக்கால் சென்டிமீற்றர் இடைவெளி. ஐப்பசி மழையில் அது மறுபடி மூடிக்கொள்ளும். எந்தத் தச்சராலும் இதை நிறுத்த முடியாது. பலகைக்குப் பலகை இடைவெளி விட்டு அடிக்கலாம். அல்லது இடைவெளிமேல் ஒரு சலாகையை வைத்து, ஒரு பக்கப் பலகையில் மட்டும் ஆணி அடித்து மூடலாம். அகலமான பலகைக்கு நடுவில் ஓர் ஆணி போதும். இரண்டு ஓரத்திலும் ஆணி அடித்தால், சுருங்க வழியில்லாமல் நடுவில் பிளக்கும்.

ஆணியைப் பற்றி எச்சரிக்கை ஒன்று. பச்சை மரத்தில் ஆணி வெடிப்பில்லாமல் சுகமாக இறங்கும், இறுக்கமாகவும் தோன்றும். மரம் காய்ந்த பிறகு அந்தப் பிடிப்பில் முக்கால் பங்குவரை போய்விடலாம். நீள ஆணியாக அடித்து மறுபக்கம் வரும் முனையை மடக்கிவிடுவது பழைய வைத்தியம். திருகாணி என்றால் ஆறு மாதம் கழித்து ஒரு சுற்று முறுக்கிக்கொள்ளலாம்.

மண்வெட்டிப் பிடியில் இந்த விஞ்ஞானம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஈரம் காயாத கம்பை அவசரத்துக்குச் செதுக்கி மாட்டினால் இரண்டு வாரத்தில் ஆடும். உடனே செய்வது, இரவு முழுக்க மண்வெட்டியைத் தண்ணீரில் போட்டுவைப்பது. காலையில் இறுகியிருக்கும். உள்ளே நடப்பது வேறு: மரம் ஊதுகிறது, இரும்பு வளையம் விலகிக் கொடுக்காது, ஓரத்து இழைகள் நசுங்குகின்றன. நசுங்கிய இழை மீள்வதில்லை. மறுபடி காயும்போது பிடி முன்னைவிட மெல்லியதாகிறது. தண்ணீரில் போட்டுப் போட்டு இறுக்கிய பிடி ஒவ்வொரு தடவையும் விரைவாகத் தளர்வது இதனால்தான். விவரம் தெரிந்த பெரியவர்கள் கம்பை வெட்டியதும் அடுப்புக்கு மேலே பரணில் செருகிவைப்பார்கள். மிதமான சூடு, விடாத புகை, மெதுவான காய்ச்சல், வண்டும் அண்டாது. கவ்வாத்துக் கத்திப் பிடிக்கு இதைவிட நல்ல உலர்த்தி தேவையில்லை.

இதே சுருக்கத்தை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். முக்காலி செய்யும்போது கால்களைப் பரணில் நன்றாகக் காயவைத்துவிட்டு, இருக்கைப் பலகையை அரைப் பச்சையாக விட்டுத் துளையிட்டு அடியுங்கள். பலகை காயும்போது துளை அகலவாக்கில் மட்டும் குறுகி, நீள்வட்டமாகிக் காலைக் கவ்விக்கொள்ளும். காலோ காய வேண்டியதை முன்பே காய்ந்துவிட்டது. இங்கிலாந்தின் சில்டர்ன் குன்றுகளில் பீச் மரக்காட்டிலேயே கடைசல் போட்டு நாற்காலிக் கால்களைப் பச்சையாகக் கடைந்து, காயவிட்டு, ஹை விக்கம் பட்டறைகளுக்கு அனுப்பியவர்கள் இருபதாம் நூற்றாண்டு வரை இருந்தார்கள்.

எல்லா வேலைக்கும் பச்சை மரம் ஒத்துவராது என்பதற்கும் மாத்தளையிலேயே சாட்சி உண்டு. ஹப்புவித கிராமத்தார் கடைந்த மரத்தின்மேல் சூடாக்கிய அரக்கை மெல்லிய நூலாக இழுத்து, விரல்நகத்தால் கத்தரித்துக் கோலம் போடுவார்கள். மரம் பிறகு சுருங்கினால் அரக்கு கூடவே சுருங்காது, வெடித்து உதிரும். அந்த வேலைக்குக் காய்ந்த மரமே வேண்டும்.

இனி ரப்பர் மரத்தின் குற்றம். அதில் மாப்பொருள் நிறைய. வைரம் பாய்வதும் இல்லை. வெட்டிய சில நாளிலேயே நீலக் கறைப் பூஞ்சை பரவும். பின்னால் மாவுவண்டு வரும். மரத்தின் நுண்குழாய் வாய்களில் முட்டையிட, புழு மாப்பொருளைத் தின்று மரத்தைப் பொடியாக்கும். பூஞ்சைக்கு 20 வீதத்துக்கு மேல் ஈரம் வேண்டும், காய்ந்தால் அடங்கிவிடும். வண்டுக்கு அந்த நிபந்தனை கிடையாது. அதற்கு மருந்து போரெக்ஸ், போரிக் அமிலக் கரைசல். இங்கேதான் பச்சைப் பலகை காய்ந்த பலகையை வெல்கிறது. காய்ந்த மரத்தில் கரைசல் மேல்தோலோடு நின்றுவிடும். ஈரமரத்தில் உப்புக்கு உள்ளேயே நீர்ப்பாதை தயாராக இருக்கிறது. அறுத்த கையோடு முக்கி எடுத்து, இடைவெளியில்லாமல் அடுக்கி, பொலித்தீனால் சில வாரம் மூடிவைத்தால் போரன் தானாகவே நடுவரை ஊறிப் பரவும். பிறகு பிரித்துச் சலாகை வைத்துக் காயவிட வேண்டியதுதான். உலகெங்கும் ரப்பர் மரம் விறகடுப்பிலிருந்து தளபாடக் கடைக்கு ஏறியது பெரிதும் இந்த மருந்தின் தயவால். மழை படும் இடத்தில் போரன் கரைந்து போய்விடும். உணவு தொடும் பொருளுக்கும் அது ஆகாது.

எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கூரை வளை, தீராந்தி, மாடிப்படி, கைப்பிடிச் சட்டம், தண்ணீர்த் தொட்டி வைக்கும் தாங்கு, பரணின் தாங்குமரம் எதற்கும் இந்தச் சரக்கு வேண்டாம். பலம் குறைவு என்பது பாதிக் காரணம். சுமையோடு காயும் மரம் வழக்கத்தைவிட அதிகம் தொய்யும் என்பது மீதி. முதல் நாள் தொய்வு காலப்போக்கில் இரண்டு மூன்று மடங்காகலாம். ஈரப்பலகையில் செய்த புத்தகத் தட்டு வயிறு தொங்குவது புத்தகத்தின் பாரத்தால் மட்டும் அல்ல. தக்காளிப் பெட்டிக்கு இந்தக் கவலையே இல்லை. தம்புள்ளைச் சந்தைக்கு ஏறி இறங்கும் மரப்பெட்டியில் சட்டங்களுக்கு இடையே காற்றுக்கு விட்ட இடைவெளிதான் சுருக்கத்துக்கும் இடம். வீட்டுக்குச் செய்யும் எதற்கும் அந்தப் பெட்டியை மாதிரியாக எடுத்தால் பிழை வராது.

காய்ந்துவிட்டதா என்று அறிய மின்கருவி வாங்க வேண்டியதில்லை. அடுக்கிலிருந்து ஒரே பலகையை வாரத்துக்கு ஒருமுறை எடுத்து, தூக்குத் தராசில் நிறுத்து, எடையைப் பலகையிலேயே பென்சிலால் எழுதுங்கள். ஏழரை, ஆறு, ஐந்தரை என்று இறங்கி, நாலரைக்குக் கிட்டே வந்து அசையாமல் நிற்கும். தொடர்ந்து மூன்று வாரம் ஒரே எண் வந்தால் உங்கள் ஊர்க் காற்றோடு பலகை கணக்கு முடித்துவிட்டது. இழைப்புளியையும் வானிஷ் டப்பாவையும் அந்த வாரத்தில் திறக்கலாம்.